பல் மருத்துவத்தில் பாதரசத்தின் வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்லில் அடைக்கப்படும் அமால்கம் என்பது எது?

வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவற்றை ஒன்றாக உருக்கிப் பொடியாக்கி, அந்தப் பொடியைப் பாதரசத்தோடு குழைத்தால் கிடைக்கும் உலோகக் கலவைதான் பல் அமால்கம். பேச்சு வழக்கில் ‘வெள்ளி அடைப்பு’ எனப்படுவது இதுவே. அதன் எடையில் ஏறத்தாழப் பாதி பாதரசம். எஞ்சிய பாதியில் வெள்ளியும், அதற்கு அடுத்தபடியாக வெள்ளீயமும் செம்பும் இருக்கும். சில வகைகளில் சிறிதளவு துத்தநாகமும் உண்டு.

இத்தனை உலோகங்கள் இருக்கும்போது பாதரசம் எதற்கு?

சொத்தையைச் சுரண்டி எடுத்த பிறகு பல்லில் எஞ்சும் குழி ஒழுங்கான வடிவத்தில் இருப்பதில்லை. அதை நிரப்பும் பொருள் முதலில் களிமண்போல் இளகி மூலை முடுக்கெல்லாம் புக வேண்டும். பிறகு, மெல்லும் விசையைத் தாங்கும் அளவுக்கு இறுக வேண்டும். இந்த இரண்டும் வாயின் வெப்பநிலையிலேயே நடக்க வேண்டும்; இறுகுவது சில நிமிடங்களிலேயே தொடங்கிவிட வேண்டும். உலோகங்களை உருக்கி ஊற்றினால் வாய் வெந்துவிடும். பாதரசமோ அறை வெப்பநிலையிலேயே நீர்மமாக இருப்பது. வெள்ளி–வெள்ளீயத் துகள்களின் மேற்பரப்பை அது கரைத்து, அவற்றோடு வினைபுரிந்து புதிய படிகங்களை உண்டாக்குகிறது. அந்தப் படிகங்கள் வளர்ந்து ஒன்றோடொன்று பிணையும்போது கலவை கெட்டிப்படுகிறது. சில மணி நேரத்தில் பெரும்பகுதி வலிமையும், ஏறத்தாழ ஒரு நாளில் முழு வலிமையும் வந்துவிடும். கரைந்துபோகாத துகள்கள் நடுவே அப்படியே நின்று அடைப்புக்கு உறுதி தருகின்றன. வினை முடிந்த பின் பாதரசம் தனித்த நீர்மமாக எஞ்சுவதில்லை. வெள்ளியோடும் வெள்ளீயத்தோடும் பிணைந்த சேர்மங்களாகவே இருக்கிறது. அமால்கம் உடலுக்குக் கேடா என்று பின்னாளில் எழுந்த வாதங்கள் பெரும்பாலும், இந்தப் பிணைப்பு எவ்வளவு உறுதியானது என்ற ஒரே கேள்வியைத்தான் சுற்றிவந்தன.

இதை முதலில் பயன்படுத்தியவர்கள் யார்?

எழுத்துச் சான்றுகளில் மிகப் பழையது சீனாவில் கிடைக்கிறது. தாங் அரச மரபின் காலத்தில், 659-ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட மருந்துப்பொருள் நூலில் ‘வெள்ளிப் பசை’ பற்றிய குறிப்பு உள்ளது. மிங் காலத்தில், 1505-ஆம் ஆண்டு நூல் ஒன்று அதன் அளவுகளையும் தருகிறது: பாதரசம் 100 பங்கு, வெள்ளி 45 பங்கு, வெள்ளீயம் 900 பங்கு. ஐரோப்பாவில், ஜெர்மனியின் உல்ம் நகரைச் சேர்ந்த யோகான்னஸ் ஸ்டாக்கர் என்ற மருத்துவர் 1528-இல் இதையொத்த ஒரு செய்முறையை எழுதிவைத்தார். ஆனால், இன்றைய அமால்கம் இவற்றிலிருந்து நேராக வந்ததன்று. அது 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் புதிதாகவே பிறந்தது.

அது எப்படிப் பிறந்தது?

அக்காலத்துப் பிரெஞ்சுப் பல் மருத்துவர்கள் சிலர், டார்சே என்ற வேதியியலாளரின் பெயரால் வழங்கிய உலோகக் கலவையைப் பயன்படுத்தினர். பிஸ்மத், ஈயம், வெள்ளீயம் ஆகியவற்றாலான அந்தக் கலவை ஏறத்தாழக் கொதிநீரின் வெப்பத்தில் உருகும். உருகியதைப் பல் குழிக்குள் ஊற்றுவார்கள். உயிருள்ள பல்லுக்குள் கொதிநீர்ச் சூட்டில் உலோகம் இறங்குவதை நோயாளி எப்படித் தாங்கினார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1818-இல் லூயி ரெஞ்ஞார் அந்தக் கலவையில் சிறிது பாதரசத்தைச் சேர்த்து, உருகும் வெப்பத்தை வெகுவாகக் குறைத்தார். 1826-இல் பாரிஸில் ஒகுஸ்த் தவோ ஒரு படி மேலே சென்றார்: வெள்ளி நாணயங்களை அரத்தால் ராவி எடுத்த பொடியைப் பாதரசத்தோடு பிசைந்தார். இதற்குச் சூடே தேவைப்படவில்லை. ஆனால், நாணய வெள்ளியால் செய்த அடைப்பு இறுகும்போது விரிந்தது. பல்லுக்கு மேல் அது துருத்திக்கொண்டு கடிக்கும்போது இடித்தது. சில வேளைகளில் பல்லையே பிளந்தது.

‘அமால்கப் போர்’ என்பது என்ன?

பல் மருத்துவ வரலாற்றில் இதைவிடக் காரசாரமான அத்தியாயம் இல்லை. 1833-இல் க்ராக்கூர் சகோதரர்கள் ஐரோப்பாவிலிருந்து நியூயார்க்குக்கு வந்து, ‘ராயல் மினரல் சக்சிடேனியம்’ என்ற ஆடம்பரப் பெயரோடு அமால்கத்தைப் பெருவிளம்பரம் செய்து விற்றனர். வலியில்லை, நேரம் ஆகாது, தங்கத்துக்கு நிகர் என்பது அவர்களுடைய வாக்குறுதி. சொத்தையை முழுவதும் அகற்றாமலேயே குழிக்குள் கலவையைத் திணித்துவிட்டுக் காசு வாங்கிக்கொண்டார்கள். மூடிய அடைப்புக்கு அடியில் பல் தொடர்ந்து அரித்தது. அடைப்புகள் கழன்றன, பற்கள் விழுந்தன. கூட்டம் திரும்பிக் கேட்கத் தொடங்கியபோது சகோதரர்கள் நாட்டைவிட்டுப் போய்விட்டனர்.

அவர்கள் விட்டுச்சென்ற அவப்பெயர் பொருளின் மீதே விழுந்தது. அன்று நல்ல பல் மருத்துவரின் அடையாளம் தங்கத் தகடு: மெல்லிய தங்கத் தாளைக் குழிக்குள் அடுக்கடுக்காக வைத்து, தட்டித் தட்டி இறுக்குவது. அதற்குக் கைத்திறனும் பல மணி நேரப் பொறுமையும் வேண்டும். நோயாளியிடம் பணமும் வேண்டும். பயிற்சி குறைந்த ஒருவர் அரை மணி நேரத்தில் மலிவாக அடைத்துத் தந்துவிடக்கூடிய பொருள், அந்தத் தொழிலின் வருமானத்துக்கும் மதிப்புக்கும் அச்சுறுத்தலாயிற்று. 1840-இல் தோன்றிய அமெரிக்கப் பல் அறுவை மருத்துவர் சங்கம், அமால்கம் பயன்படுத்துவதை 1843-இல் தொழில்நெறி மீறல் என்று அறிவித்தது. 1845-இல், இனி எக்காலத்திலும் அமால்கம் பயன்படுத்தமாட்டோம் என்ற உறுதிமொழியில் உறுப்பினர்கள் கையெழுத்திட வேண்டும் என்றது. மறுத்தவர்கள் சிலர் நீக்கப்பட்டனர். ஆனால், தங்கம் வாங்க வழியில்லாத நோயாளிகளே பெரும்பான்மையினர். அவர்களுடைய பல்லைப் பிடுங்குவதா, அமால்கம் வைத்துக் காப்பாற்றுவதா என்று நாள்தோறும் முடிவெடுக்க வேண்டியிருந்த மருத்துவர்களுக்கு அந்த உறுதிமொழி ஒத்துவரவில்லை. சங்கம் 1850-இல் தடையை விலக்கிக்கொண்டது. 1856-இல் சங்கமே கலைந்தது. 1859-இல் உருவான அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் அந்தத் தடையைப் புதுப்பிக்கவில்லை.

அப்படியானால் அந்த எதிர்ப்புக்குக் காரணம் தொழிற்போட்டி மட்டும்தானா?

அப்படிச் சொல்வது அநியாயம். சிபிலிஸ் முதலிய நோய்களுக்குப் பாதரச மருந்துகளைத் தாராளமாகக் கொடுத்த காலம் அது. எச்சில் ஊற்றெடுத்து ஓடும் அளவுக்கு மருந்து கொடுத்தால்தான் பலன் என்று மருத்துவர்கள் நம்பினர். ஈறு வீங்கிப் புண்ணாகி, பற்கள் ஆடி விழுந்த நோயாளிகள் கடைசியில் பல் மருத்துவரிடம்தான் வந்தார்கள். பாதரசம் வாயை என்ன பாடுபடுத்தும் என்பதைக் கண்ணால் கண்டவர்கள், அதே பொருளை வாய்க்குள் நிரந்தரமாக வைக்கத் தயங்கியது இயல்பே. மருந்தாக விழுங்கிய பாதரச உப்பின் அளவும், அடைப்பிலிருந்து வெளிப்படும் பாதரசத்தின் அளவும் எத்தனை மடங்கு வேறுபட்டவை என்று அளந்து பார்க்க அன்று கருவிகள் இல்லை. ஆக, அச்சம் உண்மையானது. அதை ஆதாயமும் தாங்கிப் பிடித்தது.

அமால்கம் எப்போது நம்பத்தக்க பொருளாயிற்று?

தொடக்கத்தில் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய விகிதத்தில் கலந்தார்கள். நாணய வெள்ளி விரிந்தது; வெள்ளீயம் மிகுந்த கலவை சுருங்கி, அடைப்புக்கும் பல்லுக்கும் இடையே இடுக்கு விழுந்தது. 1855-இல் எலிஷா டவுன்சென்ட் 4 பங்கு வெள்ளியும் 5 பங்கு வெள்ளீயமும் கொண்ட கலவையை வெளியிட்டுப் பெயர் பெற்றார், அதுவும் நிலைக்கவில்லை. 1877 அளவில் ஃபாஸ்டர் ஃப்ளாக் என்பவரும் அவரோடு சேர்ந்த சிலரும் ‘புதிய புறப்பாடு’ என்ற பெயரில் மரபை எதிர்த்துக் கிளம்பினர். ஒரு பல் எந்த அளவுக்குக் காப்பாற்றப்பட வேண்டிய நிலையில் இருக்கிறதோ, அந்த அளவுக்குத் தங்கம் அதற்குப் பொருந்தாது என்பது ஃப்ளாக்கின் வாதம். தங்கத்தைப் பூசித்த ஒரு தொழிலுக்குள்ளிருந்து அப்படிச் சொல்லத் துணிவு வேண்டும்.

ஆனால், விவாதத்தை அளவுகோலுக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கப் பல் மருத்துவர் கிரீன் வார்டிமன் பிளாக். 1895, 1896 ஆண்டுகளில் வெளியான ஆய்வுகளுக்காக அவர் நுண்ணளவுக் கருவிகளை அமைத்து, ஒவ்வொரு கலவையும் இறுகும்போது எவ்வளவு விரிகிறது, எவ்வளவு சுருங்குகிறது, எவ்வளவு எடைக்கு நசுங்குகிறது என்று அளந்தார். மனிதர்கள் எவ்வளவு விசையோடு கடிக்கிறார்கள் என்பதையும் அளந்தார். அன்று ராவிய பொடியும் மாதக்கணக்கில் வைத்திருந்த பொடியும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதைக் கண்டறிந்தவர் அவரே. சூடாக்கிப் பதப்படுத்தினால் இந்த வேறுபாடு நீங்குவதையும் காட்டினார். மூன்றில் இரண்டு பங்கு வெள்ளியும், கால் பங்குக்குச் சற்று மேல் வெள்ளீயமும், சிறிதளவு செம்பும் துத்தநாகமும் கொண்ட அவருடைய கலவை, ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அசையாமல் நின்றது.

அதன் பிறகு மாற்றமே இல்லையா?

முக்கியமான மாற்றம் 1963-இல் வந்தது. பழைய கலவையில் வெள்ளீயமும் பாதரசமும் சேர்ந்து உண்டாகும் ஒரு சேர்மம் இருந்தது. காமா-2 என்று பெயர். அடைப்பின் பலவீனமான பகுதி அதுதான்: அது அரித்தது, விளிம்புகள் பொடிந்தன. கனடாவில் இன்னஸ், யூடலிஸ் ஆகிய இருவர் வெள்ளி–செம்புத் துகள்களைக் கூடுதலாகச் சேர்த்தபோது, வெள்ளீயம் பாதரசத்தை விட்டுச் செம்போடு சேர்ந்துகொண்டது. காமா-2 பெரும்பாலும் மறைந்தது. இன்று வைக்கப்படும் அமால்கம் பெரும்பாலும் இந்த மிகுசெம்பு வகையே.

துத்தநாகம் பற்றியும் ஒரு சொல். குழைக்கும்போதோ திணிக்கும்போதோ எச்சிலின் ஈரம் பட்டுவிட்டால், துத்தநாகம் நீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கும். அடைப்பு சில நாள் கழித்து உள்ளிருந்து உப்பும்; நோயாளி வலியோடு திரும்பி வருவார். பஞ்சுருளைகளை வைத்துப் பல்லை உலர்வாகக் காப்பதில் ஆசிரியர்கள் மாணவர்களிடம் அவ்வளவு கண்டிப்பாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அதிக ஆபத்து யாருக்கு இருந்தது?

நோயாளியைவிட மருத்துவருக்கும் உதவியாளருக்கும்தான் என்று தயங்காமல் சொல்லலாம். நோயாளிக்கு இரண்டு மூன்று அடைப்புகள். அவர்களுக்கோ ஆயுள் முழுவதும் அதே வேலை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலான செய்முறை இப்படி இருந்தது: உலோகத்தூளையும் பாதரசத்தையும் கண்ணாடிக் கல்வத்தில் இட்டுக் குழவியால் அரைப்பார்கள். குழைந்த கலவையை உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் பிசைவதும் உண்டு. பிறகு அதை மெல்லிய துணியிலோ மென்தோலிலோ பொதிந்து முறுக்கிப் பிழிவார்கள். மிகுதியான பாதரசம் பளபளக்கும் சிறு மணிகளாகத் துணியின் மறுபக்கம் கசியும். மேசையிலிருந்து உருண்ட மணிகள் தரைப் பலகைகளின் இடுக்குகளில் தங்கி, ஆண்டுக்கணக்கில் மெதுவாக ஆவியாகிக்கொண்டிருந்தன. நிறமும் மணமும் இல்லாத ஆவி என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

1959-இல் வில்மர் ஈம்ஸ், தூளும் பாதரசமும் சம எடையில் எடுத்துக்கொண்டால் பிழியவே தேவையில்லை என்று காட்டினார். அளந்து அடைத்த மூடிய குப்பிகளும், அவற்றைக் குலுக்கிக் கலக்கும் எந்திரமும் பரவியபோது பாதரசத்தைக் கையால் தொடும் தேவை போயிற்று.

செப்பு அமால்கம் என்று ஒன்று இருந்ததாமே?

இருந்தது. செம்பும் பாதரசமும் மட்டுமே கொண்ட அந்த வகை சிறு வில்லைகளாக விற்கப்பட்டது. வில்லையை இரும்புக் கரண்டியில் வைத்துச் சுடரின்மேல் பிடித்தால், அதன் பரப்பில் பாதரசம் வியர்வைபோல் முத்து முத்தாக அரும்பும். உடனே கல்வத்தில் இட்டு அரைத்துப் பல்லில் வைப்பார்கள். கிருமிகளைக் கொல்லும் என்று நம்பி, குழந்தைகளின் பால்பற்களுக்கு இதையே விரும்பி வைத்தார்கள். சூடேறிய பாதரசத்தின் ஆவி அறை முழுவதும் பரவும் என்பதை நினைத்தால், அமால்க வரலாற்றில் மன்னிக்க மிகக் கடினமான பழக்கம் இதுதான்.

ஜெர்மன் வேதியியலாளர் ஆல்ஃபிரட் ஸ்டாக் 1926-இல் பாதரச ஆவியின் ஆபத்தை விரிவாக எழுதினார். ஆய்வகத்தில் பாதரசக் கருவிகளோடு பல்லாண்டு பழகியவர் அவர். தீராத தலைவலி, மறதி, சளித்தொல்லை ஆகியவற்றுக்குக் காரணம் அறை காற்றில் கலந்திருந்த ஆவியே என்பதைத் தம் உடம்பிலேயே கண்டுபிடித்தார். அந்தக் கட்டுரையில் பல் அமால்கத்தையும் கடுமையாகச் சாடினார். இதனால் மூண்ட விவாதம் ஜெர்மனியோடு நிற்கவில்லை. செப்பு அமால்கமோ அதற்குப் பிறகும் சில பத்தாண்டுகள் ஆங்காங்கே வழக்கில் இருந்தது.

அடைப்பைத் தவிர வேறு எவற்றில் பாதரசம் இருந்தது?

பொய்ப்பற்களில் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் பல்செட்டின் அடித்தளம் வல்கனைட் என்ற இறுகிய ரப்பரால் செய்யப்பட்டது. அதற்கு ஈறின் சிவப்பு நிறம் கொடுக்கச் சாதிலிங்கத்தைக் கலந்தார்கள். சாதிலிங்கம் பாதரசமும் கந்தகமும் சேர்ந்த பொருள். எளிதில் கரையாதது என்பதால் பெருங்கேடு நேரவில்லை.

பல் முளைக்கும் குழந்தைகளுக்குக் கொடுத்த பொடிகளின் கதை அப்படியன்று. அவற்றில் கலோமல் என்ற பாதரசக் குளோரைடு இருந்தது. கைகால்கள் சிவந்து தோல் உரிதல், வெளிச்சத்தைக் காணச் சகியாமை, ஓயாத அழுகை ஆகியவற்றோடு ‘இளஞ்சிவப்பு நோய்’ எனப்பட்ட ஒரு கொடிய நிலை பல நாடுகளின் குழந்தைகளைத் தாக்கியது, சிலர் இறந்தனர். அமெரிக்காவில் வார்க்கனி, ஹப்பர்ட் ஆகியோர் 1948-இல் இக்குழந்தைகளின் சிறுநீரில் பாதரசம் இருப்பதைக் காட்டினர். 1950-களில் அந்தப் பொடிகள் கடைகளிலிருந்து விலக்கப்பட்டதும் நோயும் ஏறக்குறைய மறைந்தது. பல்லோடு தொடர்புடைய பாதரசப் பொருள்களில் ஐயத்துக்கு இடமின்றி உயிர்ச்சேதம் விளைவித்தது இதுதான். அமால்கத்தைப் பற்றிய நீண்ட சண்டையில் இதை யாரும் நினைவுகூர்வதில்லை என்பது வியப்பு.

இறுகிய அடைப்பிலிருந்து பாதரசம் வெளிவருகிறதா?

வருகிறது. இல்லவே இல்லை என்று நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்தது. 1979-இல் வெளியான அளவீடுகள், மெல்லும்போது மூச்சுக்காற்றில் பாதரச ஆவி கூடுவதைக் காட்டின. சூயிங்கம் மெல்பவர்களுக்கும் தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களுக்கும் சூடான பானம் அருந்தும்போதும் அது மேலும் கூடும். உலோகப் பாதரசத்தை விழுங்கினால் குடல் மிகமிகச் சிறிதளவே ஏற்கும். ஆவியாக மூச்சில் போனால் நுரையீரல் ஏறத்தாழ 80 சதவீதத்தை ஏற்றுக்கொள்ளும். ஆகவே கவனிக்க வேண்டியது ஆவியைத்தான். உலகச் சுகாதார நிறுவனத்தின் 1991-ஆம் ஆண்டு அறிக்கை, அமால்கத்திலிருந்து உடலுக்குள் சேரும் அளவை நாளொன்றுக்கு 3 முதல் 17 மைக்ரோகிராம் வரை என மதிப்பிட்டது. மீனில் சேரும் மெத்தில் பாதரசம் வேறு வகைச் சேர்மம். அதன் நச்சுத்தன்மையை அப்படியே அடைப்பின்மீது ஏற்றிப் பேசுவது சரியன்று.

அந்த அளவு நோயை உண்டாக்கும் என்று நிறுவப்பட்டுள்ளதா?

பொதுமக்களைப் பொறுத்தவரை நிறுவப்படவில்லை. இதில் அதிக எடையுள்ள சான்றுகள் 2006-இல் வெளியான இரண்டு ஆய்வுகள். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் 534 குழந்தைகளையும், லிஸ்பனில் 507 குழந்தைகளையும் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு அமால்கமும் மற்றவர்களுக்கு வேறு பொருளும் வைத்துப் பல ஆண்டுகள் தொடர்ந்து சோதித்தனர். அமால்கம் வைத்தவர்களின் சிறுநீரில் பாதரசம் சற்று மிகுந்திருந்தது. அறிவுத்திறன், நினைவாற்றல், நரம்புச் செயல்பாடு ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆனாலும், சிலருக்குப் பாதரச ஒவ்வாமை உண்டு. அடைப்பைத் தொடும் கன்னத்தின் உட்பகுதியில் வெண்திட்டு விழுவதும் உண்டு. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020-இல், கருவுற்றவர்கள், கருவுற எண்ணுபவர்கள், பாலூட்டும் தாய்மார்கள், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், நரம்பு நோயோ சிறுநீரகக் குறைபாடோ உள்ளவர்கள் ஆகியோருக்கு இயன்றவரை அமால்கத்தைத் தவிர்க்கச் சொன்னது.

என் வாயில் உள்ள பழைய அடைப்புகளை எடுத்துவிடலாமா?

நன்றாக இருக்கும் அடைப்பை அச்சத்தால் மட்டும் எடுக்க வேண்டாம் என்பதே பொதுவான மருத்துவ அறிவுரை. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமும் அதையே சொல்கிறது. துளைக்கருவியால் உடைக்கும்போதுதான் ஆவியும் தூளும் மிகுதியாக வெளிப்படும். நல்ல பல்லின் ஒரு பகுதியும் சேர்ந்து போகும். விரிசலோ ஒவ்வாமையோ அடியில் புதிய சொத்தையோ இருந்து எடுக்க நேர்ந்தால், ரப்பர் திரையிட்டு, நீர் பாய்ச்சிக் குளிர்வித்து, வலுவான உறிஞ்சியோடு, துண்டு துண்டாக வெட்டி எடுப்பது நல்லது.

உடல்நலக் கேடு நிறுவப்படவில்லை என்றால் நாடுகள் ஏன் தடை செய்கின்றன?

இங்கேதான் வரலாறு எதிர்பாராத பக்கம் திரும்பியது. வாய்க்குள் நடந்த வழக்கு நூற்றைம்பது ஆண்டுகளாகத் தீர்ப்பில்லாமல் இழுத்தது; தீர்ப்பு வந்தது சாக்கடையிலிருந்தும் புகைபோக்கியிலிருந்தும். பல் மருத்துவமனைக் கழிவுநீரில் போகும் அமால்கத் துகள்களும், பிணங்களை எரிக்கும்போது அடைப்புகளிலிருந்து எழும் ஆவியும் காற்றிலும் நீரிலும் சேர்கின்றன. நீர்நிலைகளில் நுண்ணுயிரிகள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக்குகின்றன. அது மீன் வழியாக மனிதரிடம் திரும்புகிறது. நார்வே 2008-இலும் ஸ்வீடன் 2009-இலும் தடை விதித்தது பெரிதும் இந்தக் காரணத்தால்தான்.

ஜப்பானின் மினமாட்டா நகரில் ஆலைக் கழிவால் நேர்ந்த பேரழிவின் பெயரைத் தாங்கிய மினமாட்டா உடன்படிக்கை 2013-இல் ஏற்கப்பட்டு, 2017 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அது அமால்கத்தை உடனே தடுக்காமல், படிப்படியாகக் குறைக்கும்படி கேட்டது. 2022-இல், 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் கருவுற்ற, பாலூட்டும் பெண்களுக்கும் வைப்பதைத் தவிர்க்கும் விதிகள் சேர்ந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல், மருத்துவத் தேவை என்ற விலக்கோடு, எல்லோருக்கும் தடை செய்தது. 2025 நவம்பரில் ஜெனீவாவில் கூடிய உறுப்பு நாடுகள், 2034-க்குள் அமால்கத்தை உலகெங்கும் கைவிட ஒப்புக்கொண்டன.

மாற்றுப் பொருள்கள் இருந்தும் இத்தனை காலம் ஆனது ஏன்?

பல்லின் மேற்பரப்பை அமிலத்தால் சொரசொரப்பாக்கி ஒட்டவைக்கலாம் என்று 1955-இல் பியூனகோர் காட்டினார். 1962-இல் போவன் இன்றைய பிசின் கலவைகளின் அடிப்படையைக் கண்டார். 1970-களின் தொடக்கத்தில் வில்சனும் கென்ட்டும் கண்ணாடி அயனோமர் சிமெண்டைத் தந்தனர். எனினும், பிசின் கலவைக்குப் பல் முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும், ஒளிவிளக்கு வேண்டும், அடுக்கடுக்காக வைக்கும் நேரமும் வேண்டும். சிமெண்ட், கடிக்கும் பரப்பில் எளிதில் தேயும். அமால்கமோ அவசரத்தையும் ஓரளவு ஈரத்தையும் சராசரிக் கைத்திறனையும் பொறுத்துக்கொள்ளும். கடைவாய்ப் பல்லில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் நிற்கும். பொது மருத்துவமனைகளில் வரிசையில் காத்திருக்கும் கூட்டத்துக்கு அதைவிட ஒத்துவரும் பொருள் நெடுங்காலம் கிடைக்கவில்லை.

2034-க்குப் பிறகு, ஏற்கெனவே வைத்த அடைப்புகள் என்ன ஆகும்?

அவை இருந்த இடத்திலேயே இருக்கும். எந்த விதியும் அவற்றைப் பிடுங்கச் சொல்லவில்லை. கோடிக்கணக்கானோரின் வாயில் உள்ள அடைப்புகள் இன்னும் பல பத்தாண்டுகளுக்குத் தேய்ந்தும் உடைந்தும் எடுக்கப்பட்டும் வரும் என்பதால், கழிவுநீரிலிருந்து துகள்களைப் பிரித்தெடுக்கும் கருவி மருத்துவமனைகளில் அதுவரை ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எடுத்த துண்டுகளைச் சாதாரணக் குப்பையிலோ, சூடாக்கி அழிக்கப்படும் மருத்துவக் கழிவிலோ போடாமல், மூடிய கலனில் சேர்த்து உலோக மீட்புக்கு அனுப்ப வேண்டும்.